முசாஷி லேட்டா வந்தாரா, இல்லையா?

கல்வெட்டு: துடுப்பு என்பவர் நேற்று போட்ட பதிவைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. "கன்ரியூ தீவில் சசாகி கொஜிரோவை இரண்டு மணி நேரம் காக்கவைத்து, கோபப்படுத்தியே ஜெயித்தார் மியாமோட்டோ முசாஷி" என்று அடித்துவிட்டிருக்கிறார். இந்த இரண்டு ஜப்பானிய வாள்வீரர்களின் சண்டை நடந்தது 1612. இந்த லேட் கதை வரும் 'நிதென்கி' என்ற முசாஷி வரலாற்று நூல் தொகுக்கப்பட்டது 1776. நடுவில் 164 வருஷம்! முசாஷியின் வளர்ப்பு மகன் இயோரி 1654ல் கொகுராவில் நாட்டிய கல்வெட்டோ, இருவரும் ஒரே நேரத்தில் வந்தார்கள் என்கிறது. ஒரே நேரத்தில்.

துடுப்பு: வந்துட்டாருய்யா. மகன் அப்பாவுக்கு வைக்கிற கல்லில் "எங்கப்பா தூங்கி எழுந்து லேட்டாத்தான் போனார்" என்றா வெட்டுவான்? பெருமைக்கு வைத்த கல் அது. முசாஷியே 'ஐந்து வளையங்கள்' நூலின் நெருப்புப் பகுதியில், எதிரியை எரிச்சலூட்டி நிலைகுலைய வை என்று எழுதியிருக்கிறார். போதுமா?

கல்வெட்டு: போதாது. எரிச்சலூட்டச் சொன்னார், லேட்டா போகச் சொன்னாரா? அந்த நூலில் கொஜிரோ பெயரே கிடையாது, தீவும் கிடையாது. 13 வயதில் அரிமா கிஹெயை அடித்ததை எழுதுகிறார். 60க்கு மேல் மோதினேன், ஒன்றிலும் தோற்கவில்லை என்கிறார். இதை மட்டும் ஏன் விட்டார்? 1935ல் அசாஹி நாளிதழில் யோஷிகாவா எய்ஜி எழுதத் தொடங்கிய தொடர்கதைதான் உங்களை மாதிரி ஆட்களுக்கு வரலாறு.

கடலோடி: சண்டை வேண்டாமே. அந்தத் தீவு இருப்பது கன்மோன் நீரிணையில். நீரோட்டம் பயங்கரம், நாளைக்குச் சில தடவை திசையே மாறும். ஓட்டத்துக்குக் காத்திருந்ததில் லேட் ஆகியிருக்கலாம்.

கல்வெட்டு: ஐயா, லேட்டே ஆகவில்லை என்கிறேன். ஆகாத லேட்டுக்குக் காரணம் எதற்கு?

கடலோடி: சும்மா ஒரு தகவல் சொன்னேன், கடிக்கிறீங்களே.

கொஜிரோ கட்சி: நேரமா முக்கியம்? நுமதா குடும்பக் குறிப்பு, 1672, படித்தீர்களா? சீடர்களைக் கூட்டிவரக் கூடாது என்பது ஒப்பந்தம். கொஜிரோ தனியாக வந்தார். முசாஷியின் சீடர்கள் ஒளிந்திருந்தார்கள். அடிபட்டு விழுந்த கொஜிரோ மூச்சு திரும்பி எழ, அவர்கள்தான் அடித்துக் கொன்றார்கள். பிறகு முசாஷி மொஜி கோட்டையில் தஞ்சம். இவர்தான் உங்கள் மாவீரரா?

கல்வெட்டு: அது 60 வருஷம் கழித்து எழுதியது.

கொஜிரோ கட்சி: ஓஹோ. 42 வருஷம் கழித்து எழுதினால் ஆதாரம், 60 வருஷம் என்றால் வதந்தியா? எந்த வருஷத்தில் கேட் மூடுவீர்கள்?

துடுப்பு: 😂😂 இதுக்குப் பதில் வராது பாருங்க. கட்டானா என்ற ஜப்பானிய வாளின் எடை பற்றிய திரியிலும் இப்படித்தான் பாதியில் காணாமல் போனார்.

கல்வெட்டு: எனக்குக் காய்ச்சல் அப்போது. அங்கே ஐந்து கிலோ என்று எழுதிய மேதை நீங்கள்தானே? ஐந்து கிலோ வாளைத் தூக்க பீமன்தான் வரணும். அதை இன்னும் திருத்தவில்லை. முதலில் அதைத் திருத்துங்கள்.

துடுப்பு: உறையோடு சேர்த்துச் சொன்னேன்.

கல்வெட்டு: உறை என்ன கருங்கல்லா?

சும்மா ஒருத்தன்: அண்ணன்களா, காய்ந்த கிளையில் கீச்சான் குருவி உட்கார்ந்திருக்கிற மாதிரி முசாஷி வரைந்த மை ஓவியம் ஒன்று இருக்கிறது. அந்தக் கிளையை ஒரே இழுப்பில் இழுத்திருப்பார். அதைப் பற்றி யாராவது பேசலாமே? கடைசிக் காலத்தில் குமமோட்டோ பக்கம் ரெய்கண்டோ குகையில் உட்கார்ந்து எழுதினாரே, அதாவது?

துடுப்பு: தம்பி, தனித் திரி போடு. கல்வெட்டு சாருக்கு ஒரே கேள்வி. நிதென்கி பொய் என்றால், அதில் வரும் துடுப்பைச் செதுக்கிய மரவாளும் பொய்யா?

கல்வெட்டு: மரவாள் கல்வெட்டிலேயே இருக்கிறது. துடுப்பு இல்லை. பெயரை மாற்றிக்கொள்ளுங்கள்.

துடுப்பு: பெயரில் கை வைக்காதீங்க, சொல்லிட்டேன்.

கொஜிரோ கட்சி: நிதென்கியை நம்பினால் கொஜிரோவுக்கு 18 வயது. பதினெட்டு வயதுப் பையனை அடித்ததற்கா இத்தனை ஆர்ப்பாட்டம்? கொன்றது யார் என்று இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை.

கல்வெட்டு: வயதுக்கும் கொலைக்கும் வேறு திரி தொடங்குங்கள். இங்கே பேச்சு நேரம் பற்றி மட்டும். ஒரே நேரம். 1654. கொகுரா.

துடுப்பு: எந்தத் திரி தொடங்கினாலும் அங்கேயும் வந்து 1654 என்பார். லேட்டாத்தான் வந்தார், ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கோங்க.