பத்து பில்லியனா, மூண்டு பில்லியனா?

லண்டன் மச்சான்: இந்து சமுத்திரத்தில பிரிட்டனும் அமெரிக்காவும் பாவிக்கிற டியாகோ கார்சியா இராணுவ முகாமை பிரிட்டன் மொரிசியசுக்குத் தாரை வாத்துட்டு, மேல பத்து பில்லியன் பவுண்ஸ் காசும் குடுக்க ஒத்துக்கிட்டது. நான் கட்டுற வரி. அமெரிக்காவுக்கு வித்திருந்தா நாலு காசாவது பாத்திரிக்கலாம்.

கல்லடியான்: பத்து பில்லியனை எங்க கண்டெடுத்தீங்க? 2025 மே 22 ஒப்பந்தப்படி தீவு மொரிசியசுக்கு, முகாம் 99 வருசத்துக்கு பிரிட்டன்ட கையில. அரசாங்கம் சொன்ன கணக்கு 3.4 பில்லியன்.

லண்டன் மச்சான்: வருசத்துக்கு சராசரி 101 மில்லியன். 99ஆல பெருக்குங்க. கல்லடியில வாய்ப்பாடு படிப்பிக்கிறல்லையா?

கல்லடியான்: 99 வருசம் கழிச்சுக் குடுக்கிற காசுக்கும் இண்டைக்குக் குடுக்கிற காசுக்கும் ஒரே பெறுமதியா? உங்கட அப்பப்பா சதக்கணக்கில பாண் வாங்கினவர். இண்டையப் பெறுமதியில 3.4 பில்லியன்தான்.

அக்கரைப்பற்று நானா: என்னகா, ரெண்டு பேரும் காசையே கட்டிப் பிடிச்சிட்டு இரிக்கீங்க! 1965ல வெள்ளையன் மூண்டு மில்லியன் பவுண்ஸைக் குடுத்து, டியாகோ கார்சியா இரிக்கிற சாகோஸ் தீவுகள மொரிசியசில இருந்து பிரிச்சான். 1973க்குள்ள அங்க இருந்த சனத்தை முழுக்க ஏத்தி மொரிசியசிலயும் சீசெல்சிலயும் இறக்கினான். அதுகள் வளத்த நாய்களையும் புகை அடிச்சுக் கொண்டான். நம்மட சனமும் 2021ல அகதியாப் போகக்க படகு பழுதாகி அங்கதான் மாட்டினது. அதுகளில கனபேரை 2024 கடைசிலதான் லண்டனுக்கு எடுத்தான்.

லண்டன் மச்சான்: எடுத்ததும் என்ட வரியிலதான்.

கல்லடியான்: நீங்க லண்டனுக்கு என்ன, விசிட் விசாவிலயா போனீங்க?

களுவாஞ்சி மாஸ்டர்: 1957ல பண்டாரநாயக்க திருகோணமலையிலயும் கட்டுநாயக்கவிலயும் இருந்த வெள்ளையன்ட முகாம்களை எடுத்தார். வெள்ளையனே இருந்திருந்தா கிழக்கு இண்டைக்கு சிங்கப்பூர்.

கல்லடியான்: மாஸ்டர், வெள்ளையன் விட்டுட்டுப் போன திருகோணமலை சீனக்குடா எண்ணெய்த் தாங்கி 99ஐயும் போய்ப் பாருங்க. கனக்க தாங்கி பத்தை மண்டிக் கிடக்கு. மூடி வைச்சா சிங்கப்பூர் வராது.

களுவாஞ்சி மாஸ்டர்: நான் தாங்கியைப் பத்தியா கதைச்சன்? தம்பிக்கு வாசிக்கிற பழக்கம் குறைவு.

கல்லடியான்: மாஸ்டருக்குக் கூட்டல் கழித்தல் குறைவு. போன திருவிழாக் கணக்கில கண்டனாங்கதானே.

களுவாஞ்சி மாஸ்டர்: அந்தக் கணக்கைச் சபையே ஏத்துக்கிட்டது!

அக்கரைப்பற்று நானா: நாய்களுக்கு ஒருத்தனும் பதில் சொல்லல்ல.

லண்டன் மச்சான்: 101 தர 99. 9999 மில்லியன். ஒரு மில்லியன் குறையுது, அதை நான் போடுறன்.

கல்லடியான்: போடுங்க. அப்பயும் 3.4தான். மறுகா, மாஸ்டர், பந்தல்காரனுக்குக் குடுத்த காசுக்கு ரசீது எங்க?