செல்போன் டவர் வந்த புதுசில் நடந்தது, இன்னும் மனசை விட்டுப் போகாதது

கடைமடைக்காரன்:

நானே ஆரம்பிக்கிறேன். 2005 நவம்பர். அந்த மழையைப் பற்றி நம்மூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எனக்குக் கும்பகோணத்தில் பாத்திரக்கடையில் கணக்கு எழுதும் வேலை. அப்பா திருத்துறைப்பூண்டி பக்கம் ஊரில். இன்கமிங் இலவசமாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது, ஆனால் கூப்பிட்டால் காசு. அதனால் எங்களுக்குள் ஒரு கணக்கு. ஒரு மிஸ்டு கால் வந்தால் வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. இரண்டு வந்தால் வயல் முழுகுது, வாடகைக்கு ஆயில் என்ஜினும் ரெண்டு ஆளும் பிடித்துக்கொண்டு உடனே வா. மூன்று வந்தால் வீட்டுக்குப் பேசு.

அன்று ராத்திரி எட்டரைக்கு ஒன்று வந்தது. அரைமணி நேரம் கழித்து இன்னொன்று. இரண்டையும் சேர்த்து எண்ண எனக்குத் தோன்றவில்லை. "கொட்டுற மழையில தண்ணி வந்துடுச்சுன்னு ரெண்டு தடவ சொல்றாரு பாரு" என்று கடைப் பையனிடம் சொல்லிச் சிரித்துவிட்டுப் படுத்துவிட்டேன்.

ஊரில் கரண்ட் இல்லை, டவரில் டீசல் தீர்ந்து சிக்னல் போய்ப்போய் வந்திருக்கிறது. இரண்டாவது காலைப் போட அவருக்கு அரைமணி நேரம் ஆகியிருக்கிறது. காலையில் போய் நின்றேன். நட்டு இருபது நாள் ஆன பயிர். நுனிகூடத் தெரியவில்லை, ஒரே வெள்ளக்காடு. அப்பா வரப்பில் நின்றார். போனை யூரியா மூட்டையின் உள் கவரில் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டுக் கையில் வைத்திருந்தார். "ரெண்டு தடவ அடிச்சேனே தம்பி" என்றார். திட்டவில்லை. அதற்கு மேல் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

மாயவரம் பூத்துக்காரன்:

மேலே உள்ளதைப் படித்ததும் எழுதத் தோன்றியது. மயிலாடுதுறையில் வெளியூருக்குக் காசு கொடுத்துப் பேசும் எஸ்டிடி பூத் வைத்திருந்தேன். கண்ணாடிக் கூண்டு, சிவப்பு எண் ஓடும் மீட்டர், கர்ரென்று பில் கக்கும் மெஷின். ராத்திரி கால்வாசிக் கட்டணத்துக்காக வாசலில் வரிசை நிற்கும். செல்போன் வந்தது, ஈ ஓட்ட வைத்தது. வேறு வழியில்லாமல் ரீசார்ஜ் கார்டு விற்க ஆரம்பித்தேன்.

ஒரு அப்பாயி. மகன் துபாயில் கொத்தனார். வாரம் தவறாமல் என் பூத்தில் வந்து பேசுவார். திடீரென்று ஒருநாள் மடியிலிருந்து செல்போனை எடுத்துக் காட்டி, கார்டு ஒன்று வாங்கி, நீயே போட்டுக் கொடு என்றார். நான் காசை வைத்துச் சுரண்டினேன். எரிச்சலோ என்னவோ, அழுத்திச் சுரண்டிவிட்டேன். வெள்ளிப் பூச்சோடு சேர்ந்து எண்ணும் போய்விட்டது. கடைசி மூன்று இலக்கம், அதில் ஒன்று எட்டா மூன்றா என்று வெயிலில் பிடித்துப் பார்த்தும் தெரியவில்லை. நாலைந்து தடவை அடித்துப் பார்த்தேன், ஏறவில்லை.

"கார்டே சரியில்ல அப்பாயி, கம்பெனிக்காரன் ஏமாத்திட்டான்" என்று சொன்னேன். அவர் கம்பெனிக்காரனைத் திட்டினார். என்னைப் பார்த்து "நீ என்ன பண்ணுவ, பாவம்" என்றார். அந்த "பாவம்" இருக்கிறதே.

ஓய்வுபெற்ற லைன்மேன்:

பூத்துக்காரர் தம்பிக்கு ஒரு திருத்தம். உங்கள் பூத்தை மூடியது செல்போன் என்ற கருவி இல்லை, கட்டணம். செல்போன் இந்தியாவுக்கு வந்தது 1995ல். அந்த வருஷம் ஜூலை 31 அன்று கல்கத்தாவில் இருந்து மேற்கு வங்க முதல்வர் ஜோதிபாசு டெல்லியில் இருந்த மத்திய தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராமோடு பேசினார், அதுதான் முதல் கால். அப்போது உங்கள் வாசலில் வரிசை குறைந்ததா? இல்லையே.

நாட்டை வட்டம் வட்டமாகப் பிரித்து உரிமம் கொடுத்தார்கள். சென்னை தனி, மற்ற தமிழ்நாடு தனி. ஏலத்தில் கம்பெனிகள் வாய்க்கு வந்த தொகையைச் சொல்லிவிட்டுப் பிறகு உரிமக் கட்டணம் கட்ட முடியாமல் விழி பிதுங்கி நின்றன. டவர் போட வேண்டிய காசு கட்டணத்துக்கே போனால் கிராமத்துக்கு எப்படி வரும்? 1999 கொள்கையில்தான் "மொத்தமாகக் கட்ட வேண்டாம், வருமானத்தில் பங்கு கொடு" என்று மாற்றினார்கள். அதற்குப் பிறகுதான் மாவட்டங்களில் டவர் முளைத்தது. 2003 மே மாதம் இன்கமிங் இலவசம். 2006 மார்ச் 1ல் அரசு நிறுவனம் ஒரு ரூபாயில் இந்தியா முழுக்கப் பேசலாம் என்று அறிவித்தது. எஸ்டிடி என்ற சொல்லுக்கே அன்றைக்குப் பால் ஊற்றியாகிவிட்டது. உங்கள் மீட்டர் நின்றது அப்போதுதான்.

இன்னொன்று. "எங்க ஊருல ஒரு கம்பெனி எடுக்குது, இன்னொண்ணு எடுக்கல" என்பார்கள். முதலில் வந்தவர்களுக்கு 900 மெகாஹெர்ட்ஸ், பின்னால் வந்தவர்களுக்கு 1800. அலைவரிசை எண் குறைந்தால் தூரம் கூடும், சுவரையும் தாண்டும். நம்முடையது மேடு பள்ளம் இல்லாத சமவெளி, 900 ஜம்மென்று வயலுக்கு மேலே போகும். 1800 வைத்திருப்பவன் அதே பரப்புக்குக் கூடுதலாக டவர் நட வேண்டும். 700 இன்னும் தூரம் போகும். 2016ல் ஏலத்துக்கு வைத்தார்கள், விலையைப் பார்த்து ஒருவரும் கை வைக்கவில்லை. 2022ல்தான் விற்றது.

என் அனுபவமா? ஜெனரேட்டர் ரூமில் கதவைத் திறந்தேன், சாரைப்பாம்பு. அவ்வளவுதான்.

குறுவை:

லைன்மேன் சார் 1995, 1999, 2003 எல்லாம் சொல்லிவிட்டு 2008ஐத் தாண்டிக் குதித்துவிட்டாரே. பாம்பைவிடப் பெரிசு அதுதான்.

பாபநாசம் பக்கம் எங்கள் சித்தப்பா நிலத்தில் ஒரு புதுக் கம்பெனிக்காகக் கம்பி டவர் போட்டார்கள். மாச வாடகை வருகிறது என்று சித்தப்பா அந்த மூலையில் நடவே இல்லை. 2012 பிப்ரவரி 2, 2008ல் கொடுத்த 122 2ஜி உரிமத்தையும் சுப்ரீம் கோர்ட் ரத்து செய்தது. மாலைச் செய்தியில் பார்த்துக்கொண்டிருந்த சித்தப்பா, "அதுல நம்ம டவரு இருக்காடா?" என்று என்னிடம் கேட்டார். எதோ கிரிக்கெட் அணியில் பேர் இருக்கிறதா என்று கேட்பதுபோல. இருந்தது. கொஞ்ச நாளில் வாடகை நின்றது, போன் பண்ணினால் எடுக்க ஆள் இல்லை. டவர் மட்டும் நின்றது. மாட்டுப் பொங்கலுக்கு அதில் சீரியல் பல்பு கட்டினோம். சும்மா சொல்லக்கூடாது, கொள்ளிடக் கரையில் இருந்து பார்த்தாலும் தெரிந்தது.

ஓய்வுபெற்ற லைன்மேன்:

தாண்டவில்லை தம்பி, சண்டை வரும் என்று விட்டேன். 2001 விலைக்கு, அதாவது நாடு முழுக்க 1,658 கோடிக்கு, 2008ல் அந்த உரிமங்களைக் கொடுத்ததுதான் பிரச்சினை. தணிக்கை அறிக்கை 1.76 லட்சம் கோடி இழப்பு என்றது. 2017 டிசம்பர் 21ல் தனி நீதிமன்றம் அந்த வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட எல்லோரையும் விடுதலை செய்தது. இரண்டு தேதியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒன்றை மட்டும் சொல்கிறவரோடு நான் டீ குடிப்பதில்லை.

அப்புறம், யாராவது "உங்க இடத்துல டவர் வைக்கிறோம், முன்பணம் கட்டுங்க" என்று சிங்கமுத்திரை போட்ட கடிதம் அனுப்பினால் நம்பாதீர்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயோ தொலைத்தொடர்புத் துறையோ அதற்குப் பணம் வாங்குவதில்லை. டவர் வைக்கிறவன் உங்களுக்குத்தான் வாடகை தருவான், உங்களிடம் கேட்கமாட்டான்.

தோப்புக்காரி:

ஏலம், கோர்ட் எல்லாம் ஆம்பளைகள் பேசி முடியுங்கள். என்னுடையது கஜா புயல். தலைஞாயிறு பக்கம். 2018 நவம்பர் 16 விடியற்காலை. காலையில் பார்த்தால் தென்னை ஒன்றுகூட நிற்கவில்லை, ஓடும் இல்லை, சிக்னலும் இல்லை. வீட்டுக்காரர் சிங்கப்பூரில். அங்கே டிவியில் வேதாரண்யம் என்று ஓடிக்கொண்டிருக்கும், எங்களைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது.

இரண்டாம் நாள் பக்கத்துத் தெருப் பையன் ஒருத்தன், திருவாரூர்ப் பக்கம் போனால் சிக்னல் இருக்கிறதாம், எல்லார் வீட்டுக்கும் தகவல் சொல்கிறேன் என்று பைக்கை எடுத்தான். பேப்பர் எல்லாம் நனைந்து கூழாகக் கிடந்தது. அவன் முழங்கையில் இருந்து மணிக்கட்டு வரை பால்பாயிண்ட் பேனாவால் எண்ணாக எழுதினோம். என்னுடையது கடைசி, மணிக்கட்டு ஓரம். விழுந்த மரத்தைத் தூக்கித் தூக்கி வண்டியைக் கடத்தியிருக்கிறான், வியர்வையில் ஒரு ஏழு ஒன்றாகிவிட்டது.

சாயங்காலம் வந்து "அண்ணன்கிட்ட சொல்லிட்டேன் அக்கா, வூடு போச்சு, ஆளுங்க நல்லாருக்கோம்னு சொன்னேன், அழுதாரு" என்றான். எனக்கு நிம்மதி. ஐந்தாம் நாள் சிக்னல் வந்ததும் வீட்டுக்காரர் கூப்பிட்டு, ஏன் ஒரு தகவலும் இல்லை என்று கத்துகிறார்.

அப்படியானால் அழுதது யார்? தமிழ் ஆள்தான். பையன் பேசியதைக் கேட்டு "சரிப்பா, சரிப்பா" என்று சொல்லியிருக்கிறார். தப்பு எண் என்று சொல்லவே இல்லை. அவருக்கும் நம்ம பக்கம்தான் ஊராக இருக்குமோ, தன் வீட்டுத் தகவல் என்றே நினைத்துக்கொண்டாரோ? அந்தப் பையன் போனில் எண் இருந்தது. கூப்பிட்டுச் சொல்லலாம் என்றேன். "என்னன்னு சொல்றது அக்கா" என்றான். கூப்பிடவில்லை.

மன்னை மருமகள்:

சென்னை தனி, தமிழ்நாடு தனி என்று லைன்மேன் ஐயா சொன்னாரே, அதை அனுபவித்தவள் நான். ஹாஸ்டலுக்குப் போகும் ரயிலில் சென்னை நெருங்கும்போது போனில் கம்பெனிப் பெயர் மாறும், ரோமிங். மன்னார்குடியில் இருந்து அம்மா கூப்பிட்டால் எனக்குக் காசு. "கூப்பிடாதேம்மா" என்று சொல்லிவைத்தேன். அம்மா சொன்ன பேச்சைக் கேட்டுக்கொண்டார், பிறகு இரண்டையும் ஒன்றாக்கிய பிறகும் கூப்பிடுவதே இல்லை.

வெண்ணாறு:

கடைமடைக்காரர் தம்பிக்கு. குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கையில் சங்கேதம் வைத்ததே தப்பு. எண்ணிக்கை என்றால் இடையில் ஒன்று விழாமல் போனால் எல்லாம் போச்சு. வேறு வேறு எண்ணில் இருந்து அடிக்கச் சொல்லியிருக்கலாம். அதைவிட முக்கியம் வடிகால். நவம்பரில் என்ஜின் வைத்து இறைத்து எங்கே விடுவீர்கள்? பக்கத்து வயலும் முழுகித்தானே கிடக்கும். ஆடியிலேயே வடிகாலில் ஆகாயத்தாமரையை வாரிவிட வேண்டும். தாழ்ந்த வயலாக இருந்தால் வெள்ளம் தாங்கும் ரகம் போடுங்கள், சுவர்ணா சப்-1 இருக்கிறது, இரண்டு வாரம் தண்ணீருக்குள் கிடந்தாலும் தேறி வரும். விதை வேண்டுமானால் ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தில் கேட்டுப் பாருங்கள். 2005ல் அந்த ரகம் வரவில்லை என்பது எனக்குத் தெரியும், இனிமேலுக்குச் சொல்கிறேன்.

கடைமடைக்காரன்:

நிலத்தை 2011லேயே விற்றுவிட்டோம் ஐயா.

பூத்துக்காரர் அண்ணே, அந்த அப்பாயிக்கு அப்புறமாவது வேறு கார்டு கொடுத்தீர்களா?

மாயவரம் பூத்துக்காரன்:

இல்லை. அடுத்த மாதமும் என்னிடம்தான் வந்து கார்டு வாங்கினார். சுரண்டக் கொடுக்கும்போது "பாத்துடா, அந்தக் கம்பெனி கார்டு வேணாம்" என்றார். வேறு கம்பெனி சிம்மும் நானே விற்றேன்.