மறு: ‘சென்சரி பின்’னுக்கு (sensory bin, பிள்ளைகள் கைவிட்டுத் தொட்டு விளையாடச் சாமான் போட்டு வைப்பது) தமிழில் என்ன சொல்லலாம்?

> புலனுணர்வுப் பெட்டி என்றே போடலாமே, நேர்ப்பொருள் வந்துவிடுகிறது.

பொருள் வருகிறது ஐயா, வாயில்தான் வரமாட்டேன் என்கிறது. ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கும் அங்கன்வாடிக் கையேட்டின் முதல் படியில் அதைத்தான் போட்டிருந்தேன். வாசித்த அக்கா ஒருவர், “காது கேட்கிறதா என்று பார்க்கிற மெஷினா சார்?” என்றார்.

அகலமான தட்டில் மணலோ நெல்லோ கொட்டி, அதற்குள் நாலு சாமானைப் புதைத்து வைத்தால் மூன்று வயதுப் பிள்ளை என்ன செய்யும்? அளையும். “சோத்தை அளையாதே” என்று தினமும் திட்டுகிறோமே, அதே அளை. ஆகவே ‘அளைதட்டு’. ஊறுகாய் போல வினைத்தொகை, நடுவில் ‘த்’ போட்டுவிடாதீர்கள். ‘சிறுகை அளாவிய கூழ்’ (குறள் 64) இதற்குப் பங்காளி. பரிமேலழகர் அந்த அளாவலை விளக்கப் புறநானூற்றின் ‘இட்டும் தொட்டும் கவ்வியும் துழந்தும்’ என்ற அடியை எடுத்து வைக்கிறார். நாம் பெயர் தேடும் தட்டில் நடப்பதும் கிட்டத்தட்ட அதுதான், கவ்வுவதைத்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

> அளை என்றால் தயிர், வளை என்றும் பொருள் உண்டே?

உண்டு, பழைய பாட்டில். தட்டைப் பார்த்து யாரும் தயிர் கேட்கப் போவதில்லை. ‘துழாவுதட்டு’ என்றும் யோசித்தேன். துழாவுகிறவர் எதையோ தேடுகிறார். பிள்ளையோ ஒன்றையும் தேடாமலே அரைமணி நேரம் அளைந்துகொண்டிருக்கும்.

அடுத்து, ‘சீசனல் சென்சரி பின்’ என்பதில் வரும் ‘சீசனல்’. ‘பருவ அளைதட்டு’ வேண்டாம், பருவ வயது நினைவுக்கு வந்து தொலைக்கும். ‘பருவகால’ என்றால் சரி. எனக்கென்னவோ மாதப் பெயரே போதும் என்று படுகிறது: சித்திரைத் தட்டு, ஐப்பசித் தட்டு. ஆங்கில மூலத்தில் மேப்பிள் இலையும் செயற்கைப் பனியும் இருக்கின்றன. நான் சித்திரைக்கு வேப்பம்பூவும் நுங்கு எடுத்த கூடும், ஐப்பசிக்கு ஈர மண்ணும் நத்தை ஓடும், தைக்கு நெல்லும் மஞ்சள் கொத்தும் வைத்திருக்கிறேன். மஞ்சள் இலையைக் கசக்கி முகர்ந்த பிள்ளை கையைக் கழுவ மறுக்கும், பாருங்கள். மாசிக்குப் புளியங்கொட்டை எழுதியிருந்தேன். விழுங்கினால் தொண்டையில் அடைக்கும் என்பதால் மூன்று வயதுக்குக் கீழ் எடுத்துவிட்டேன். அழகாக இருக்கிறதே என்று குன்றிமணியைச் சேர்க்கச் சொன்னவருக்கு: அதன் பருப்பு கொடிய நஞ்சு, எந்த வயதுக்கும் வேண்டாம்.

ஒரே ஒரு சிக்கல் மிச்சம். கார்காலத்துக்குத் தண்ணீர் ஊற்றிக் காகிதக் கப்பல் விடுகிறோம், அங்கே ‘தட்டு’ உதைக்கிறது. அதை மட்டும் ‘அளைதொட்டி’ ஆக்கலாமா, அல்லது எல்லாவற்றுக்குமே தொட்டியா?