ஃபைபருக்குள் ஒளியின் முனைவாக்கம்: வன்னியில் நம்மவர் கண்டவை

கிளிநொச்சியிலிருந்து:
ஆய்வுகூடத்தில் ஒற்றைப் பாங்கு நாரின் (ஃபைபரின்) ஒரு முனையில் லேசர், மறுமுனையில் ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் முனைவாக்கித் தகடு, அதன் பின்னால் ஒளியின் வலுவை அளக்கும் பவர் மீற்றர். தகட்டைத் திருப்பி வாசிப்பைப் பூச்சியத்துக்கு அருகில் கொண்டுவந்தாயிற்று. யாரோ மின்விசிறியைப் போட்டார்கள். மேசையில் தளர்வாகக் கிடந்த நார் அசைந்ததும் வாசிப்பு துள்ளத் தொடங்கியது. விசிறியை நிறுத்தினால் வாசிப்பு அடங்கும், எங்களுக்கு வியர்வை கொட்டும். சித்திரை வெயிலில் இதைச் செய்துபார்த்தவர்களுக்கு அந்த வேதனை புரியும்.

ஒளியின் மொத்த அளவு அங்கே மாறவில்லை. மாறியது அதிர்வின் திசை, அதாவது முனைவாக்கம். ஏறக்குறைய 9 மைக்ரோமீற்றர் விட்டமுள்ள, நாரின் நடுவே ஒளி செல்லும் உள்ளகம் அச்சொட்டான வட்டமாக ஒருபோதும் அமைவதில்லை. அதோடு வளைவும் அழுத்தமும் வெப்பமும் சேர, ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு அதிர்வுக் கூறுகளும் சற்றே வேறுபட்ட வேகத்தில் ஓடுகின்றன. நேர்கோட்டில் அதிர்ந்து புறப்பட்ட ஒளி நீள்வட்டமாகி, சிலவேளை வட்டமாகி, வேறொரு கோட்டில் வந்து நிற்கும். நாரை விரலால் மெல்ல அழுத்தினாலே போதும். மூன்று வளையங்களில் நாரைச் சுற்றி, அவற்றைச் சரித்துச் சரித்து வேண்டிய திசைக்கு மீட்கலாம். கைப்பழக்கம்தான், பொறுமையற்றவர்கள் தொடக்கூடாத கருவி.

மாங்குளத்திலிருந்து:
நாங்கள் தூண்களில் கேபிள் இழுப்பவர்கள். சோளகக் காற்றில் கேபிள் ஊஞ்சலாடும், உள்ளே முனைவாக்கமும் சும்மா இருக்காது. ஆனாலும் செக்கனுக்கு 10 கிகாபிட் இணைப்பின் வாங்கி (ஒளியைப் பெறும் கருவி) பெரும்பாலும் ஒளியின் செறிவை மட்டுமே பார்ப்பதால் அதற்குக் கவலையில்லை. ஒருமுறை இணைப்பு விட்டுவிட்டு வந்தபோது, புதிதாக வந்த தம்பி "முனைவாக்கப் பாங்குப் பரம்பல்" என்றார்; இரு அதிர்வுக் கூறுகளும் சற்று முன்பின்னாக வந்துசேர்வதால் ஒளித்துடிப்பு விரிவது. பெரிய சொல்! கணக்கைப் போட்டோம். அது தூரத்தின் வர்க்கமூலத்தோடுதான் கூடும். ஒரு கிலோமீற்றரின் வர்க்கமூலத்துக்கு 0.1 பிக்கோசெக்கன் (ஒரு பிக்கோசெக்கன் என்பது செக்கனின் இலட்சம் கோடியில் ஒரு பங்கு) என்று வைத்தால், வவுனியாவிலிருந்து யாழ்ப்பாணம் வரையான ஏறக்குறைய 140 கிலோமீற்றருக்கும் ஒன்றேகால் பிக்கோசெக்கன் வராது. 10 கிகாபிட்டில் ஒரு பிட்டின் அகலமே 100 பிக்கோசெக்கன், அதில் பத்திலொரு பங்கு வரை தாங்கும். "கனெக்டரைத் திறந்து பாருங்கள், தம்பி" என்றேன். முகப்பில் செம்புழுதி அப்பிக் கிடந்தது. மிகப் பழைய நார்களில் அவர் சொன்ன நோய் உண்மையிலேயே உண்டு. அதற்காகத் துடைக்கும் துணியை எடுக்குமுன் அதை நினைக்க வேண்டுமா?

வவுனியாவிலிருந்து:
மாங்குளத்து அண்ணைக்கு ஒரு சேர்க்கை. 100 கிகாபிட்டுக்கு மேற்பட்ட, செறிவோடு ஒளியலையின் கட்டத்தையும் பார்க்கும் ஒத்திசைவு வாங்கிகள் இரு முனைவாக்கங்களிலும் தனித்தனியே தரவை ஏற்றி இறக்குகின்றன. திசை சுழல்வதைக் கணித்தபடியே பின்தொடர்வது அவற்றின் வேலை. மெதுவான காற்றை எளிதில் சமாளித்துவிடும், மின்னல்தான் வில்லங்கம். உயரழுத்தக் கோபுரங்களின் உச்சியிலுள்ள நிலத்தொடுப்புக் கம்பிக்குள் நார் போகும் இடங்களில், மின்னோட்டம் முறுக்கிய கம்பிகள் வழியே பாய்ந்து நாரின் நீளவாக்கில் காந்தப்புலத்தை உண்டாக்கும். 1845இல் பரடே கண்ட விளைவால் முனைவாக்கம் கண நேரத்தில் சுழன்றுவிடும், வாங்கி தடுமாறும். ஐப்பசி இடிமழையில் பிழைப் பதிவுகளோடு இடி விழுந்த நேரத்தையும் குறித்து வைத்தவர்கள் இருந்தால் இங்கே எழுதுங்கள்.