இட்லிப்பூவுக்குச் சாயங்காலம் வருவது தேன்சிட்டுக் குஞ்சா?

கேள்வி: கோபி தோட்டத்துக்காரர்
எங்கள் தோட்டத்துச் சாளை வீட்டு வாசலில் இட்லிப்பூச் செடி ஆள் உயரம் நிற்கிறது. காலையில் தேன்சிட்டு ஜோடி வரும். ஆணுக்கு முதுகு கருஞ்சிவப்பு, வயிறு மஞ்சள், அது எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு வாரமாகப் பொழுது சாயும்போது இன்னொன்று வருகிறது. அதைவிடச் சின்னது. பச்சை உடம்பு, இடுப்பில் சிவப்புப் பட்டை, வால் நுனியில் கருப்புக் குஞ்சம். இறக்கை இருப்பதே தெரியவில்லை, ரீங்காரம் மட்டும் கேட்கிறது. பேத்தி அதை ஹம்மிங்பேர்டு என்று பள்ளிக்கூடத்தில் சொல்லப் போகிறாளாம். அதற்குள் சரியாகச் சொல்லிவிட வேண்டும். சிட்டுக் குஞ்சா இது?

பதில்: சத்தி மலையடிவாரம்
ஐயா, குஞ்சு இல்லைங்க. தேன்சிட்டுக் குஞ்சுக்குத் தாய் தகப்பன் சிலந்தியும் பூச்சியும் பிடித்துவந்து ஊட்டும். ஹம்மிங்பேர்டும் இல்லை, அது அமெரிக்கக் கண்டங்களில் மட்டும்தான் உண்டு. நீங்கள் பார்த்தது பருந்து அந்துப்பூச்சி, செஃபனோடிஸ் ஹைலாஸ் என்ற இனம். நம் எள்ளுக்காட்டில் கொம்புப்புழு பார்த்திருப்பீர்களே, அதன் சொந்தம்தான்.

இறக்கை கண்ணாடி மாதிரி இருப்பதால் கண்ணுக்குப் படுவதில்லை. கூட்டைவிட்டு வரும்போது அதிலும் செதில் இருக்கும், முதல் தடவை பறக்கும்போதே உதிர்ந்துவிடும். அதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

தேன்சிட்டு பெரும்பாலும் காம்பில் உட்கார்ந்து, வளைந்து, தொங்கித்தான் குடிக்கும். அந்தரத்தில் நிற்பது கொஞ்ச நேரம்தான். பூச்சி அந்தரத்தில் நின்றே குடிக்கும். தலையில் இரண்டு உணர்கொம்பு இருக்கிறதா, குடித்து முடித்ததும் தேன் உறிஞ்சும் குழாய் கொசுவத்திபோலச் சுருள்கிறதா என்று பாருங்கள். பறவையின் அலகு சுருளாது.

பதில்: கோவை மொட்டைமாடி
அண்ணா, தயவுசெய்து மருந்து மட்டும் அடிக்காதீர்கள். என் தொட்டி கார்டீனியாவில் இதன் புழுக்கள் இலையை நரம்புவரை தின்றன. வால்பக்கம் கொம்போடு பச்சைப் புழு. பயந்துபோய் அடித்துக் கொன்றேன். மறு வருடம் விட்டுவைத்தேன். மண்ணுக்குள் இறங்கிக் கூடு கட்டின, செடியும் திரும்பத் துளிர்த்துவிட்டது.

பதில்: கோபி தோட்டத்துக்காரர்
நேற்று பேத்தியோடு உட்கார்ந்து பார்த்தேன். உணர்கொம்பு இருக்கிறது. குழாய் சுருண்டதை அவள்தான் முதலில் பார்த்தாள். செடிக்கு மருந்து அடிக்க மாட்டேன். இன்று காலை அதே கொத்தில் சிட்டு தலைகீழாகத் தொங்கியது. நோட்டில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து, பறவைக்கு இறக்கை இரண்டு, பூச்சிக்கு நான்கு என்று எழுதிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.