சிங்கப்பூரில் டிரெய்லர் இழுக்கிறவர்களுக்கு: பக்கக் கண்ணாடியை எப்படி வைக்கிறீர்கள்? (ஒவ்வொரு பதிலுக்கும் மேலே இருப்பது சொல்கிறவரின் இடம் அல்லது வண்டி)

துவாஸ் பிரைம் மூவர்

கண்ணாடியில் கை வைப்பதற்கு முன் இருக்கையை முடித்துவிடுங்கள். காற்று சஸ்பென்ஷன் இருக்கை என்றால் உட்கார்ந்து அது நின்ற பிறகுதான் மற்றதெல்லாம். கண்மட்டம் 3, 4 சென்டிமீட்டர் மாறினாலே கண்ணாடியில் தெரிவது மாறிவிடும். பகல், இரவு ஷிஃப்டுக்கு ஒரே வண்டியை இரண்டு பேர் எடுக்கிற இடத்தில், முந்தைய ஆள் வைத்தது சரியாக இருக்கும் என்று நம்பிக் கிளம்பாதீர்கள்.

சமதரையில் நிறுத்துங்கள். டிரெய்லர், அதை இழுக்கும் தலையோடு (பிரைம் மூவர்) நேர்க்கோட்டில் நிற்க வேண்டும். கொஞ்சம் கோணலாக நின்றால் ஒரு கண்ணாடியில் டிரெய்லர் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் தெரியும். அதைப் பார்த்து இரண்டையும் திருப்பினால் இரண்டும் தப்பாகிவிடும்.

பிறகு போக்குவரத்துக் கோன் வைத்துப் பாருங்கள். உங்கள் கண்ணிலிருந்து 4 மீட்டர் பின்னால், வண்டிப் பக்கத்திலிருந்து 1 மீட்டர் தள்ளி ஒன்று. 30 மீட்டர் பின்னால் 5 மீட்டர் தள்ளி இன்னொன்று. முதன்மைக் கண்ணாடியில் (பக்கத்தில் உள்ள பெரியது) இரண்டின் அடியும் தரையோடு தெரிய வேண்டும், தொடுவானமும் உள்ளே இருக்க வேண்டும். ஐநாவின் 46ஆம் எண் வாகன விதிமுறை கனரக வண்டியின் முதன்மைக் கண்ணாடிக்குக் கேட்கிற பரப்பு இதுதான். அகலக் கோணக் கண்ணாடிக்கு 10 முதல் 25 மீட்டர் பின்னால் 15 மீட்டர் அகலம் தெரிய வேண்டும். இடது லேனையும் அதற்கு அடுத்ததையும் அதில்தான் பிடிக்க முடியும்.

படகு டிரெய்லர், பிக்கப்

எங்கள் மாதிரி சின்ன வண்டிக்கு முதல் கேள்வி, நீட்டுக் கண்ணாடி தேவையா என்பதே. ஜெட் ஸ்கீ டிரெய்லர் பெரும்பாலும் பிக்கப்பைவிட ஒடுக்கம். சொந்தக் கண்ணாடியே போதும். படகு அகலமாகி டிரெய்லரின் பின்மூலைக்கு அப்பால் சாலை தெரியவில்லை என்றால்தான் நீட்ட வேண்டும். அதுவும் தெரிகிற அளவுக்கு மட்டும். டிரெய்லரைக் கழற்றியதும் மடக்கிவிடுங்கள். நெரிசலில் லேன்களுக்கு நடுவே வருகிற பைக்காரரின் கைப்பிடி உயரத்தில் அது நீட்டிக்கொண்டிருக்கும்.

இன்னொன்று, பலரும் விடுவது: கொக்கி போட்டு, பளு ஏற்றிய பிறகு மறுபடி பாருங்கள். கொக்கியில் எடை இறங்கினால் பிக்கப்பின் வால் தாழும், மூக்கு தூக்கும். கண்ணாடியும் நீங்களும் சேர்ந்து சாய்வதால் பின்பக்கப் பார்வை தரையை நோக்கி இறங்கும். 1 டிகிரி என்றாலும் 30 மீட்டரில் அரை மீட்டர் வித்தியாசம். வெறும் வண்டியில் அழகாக வைத்த கண்ணாடி படகு ஏறியதும் தார் ரோட்டைக் காட்டும். வேகமாக வருகிற கார் மேல் விளிம்புக்கு வெளியே போய்விடும்.

வாரால் கட்டுகிற கிளிப் கண்ணாடி வெயிலில் தளரும். கிளம்பிக் கொஞ்ச தூரத்தில் நிறுத்தி ஒருமுறை இழுத்துக் கட்டுங்கள்.

ஜூரோங் ஒர்க்‌ஷாப்

"நிற்கும்போது நன்றாகத் தெரிகிறது, 50ல் போனால் மங்கல்" என்று வருகிற வண்டிகளுக்குக் கண்ணாடி மாற்றத் தேவையே இல்லை. கையால் மெதுவாக ஆட்டுங்கள். கூட்டுக்குள் கண்ணாடி மட்டும் ஆடினால் பின்னால் உள்ள பிளாஸ்டிக் கிளிப் போயிருக்கும். கூடு ஆடினால், அதைத் தாங்கும் கம்பியைப் பிடிக்கும் கிளாம்ப். கம்பியே கதவோடு ஆடினால் கீல் பக்கத்து ரப்பர் புஷ். எது ஆடுகிறதோ அதை மட்டும் மாற்றினால் போதும். கண்ணாடி திரும்புகிற பால் ஜாயிண்ட் நட்டை முரட்டுத்தனமாக முடுக்காதீர்கள், கூடு வெடிக்கும். கையால் அழுத்தித் திருப்பினால் திரும்பணும், அதிர்வில் திரும்பக் கூடாது. அந்த இறுக்கம் போதும்.

முன் கதவுக் கண்ணாடியில் ஒட்டும் ஃபிலிமையும் கவனியுங்கள். இங்கே முன்பக்கக் கதவுக்குக் குறைந்தது 70 சதவீத ஒளி ஊடுருவ வேண்டும் என்பது சட்டம். இரவு மழையில் கருப்பு ஃபிலிம் வழியாகப் பார்த்தால் எந்தக் கண்ணாடி வைத்தும் பயனில்லை.

பாசிர் பாஞ்சாங், 40 அடி கண்டெய்னர்

சொந்த டிரெய்லர் கண்ணாடியில் தெரியவே கூடாது, இடம் வீண் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு ஒப்புதல் இல்லை. உள் விளிம்பில் ஒரு மெல்லிய பட்டை தெரிந்தால்தான் பக்கத்து வண்டி எவ்வளவு தள்ளி வருகிறது என்று ஒப்பிட முடியும். டிரெய்லர் வால் ஆடுவதும் டயர் புகைவதும் தெரியும். ஆனால் கால் பங்குக்கு மேல் வேண்டாம்.

வளைவு அதிகமான அகலக் கோணக் கண்ணாடியை வைத்துத் தூரம் கணக்குப் போடாதீர்கள். முதன்மைக் கண்ணாடியின் வளைவு ஆரம் 1200 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது; அகலக் கோணத்துக்கு 300 வரை இறங்கலாம், ஆரம் குறைந்தால் வளைவு அதிகம். அதனால்தான் அதில் பைக் எறும்பு மாதிரி தெரிகிறது, உண்மையில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். யாராவது இருக்கிறார்களா என்பதற்கு அது. எவ்வளவு தூரம் என்பதற்கு முதன்மைக் கண்ணாடி. காலையில் மலேசியாவிலிருந்து வரும் பாலமான செகண்ட் லிங்க்கிலிருந்து ஆயர் ராஜா விரைவுச்சாலைக்கு வரும் பைக் கூட்டத்தில் இதைக் குழப்பிக்கொண்டால் ஆபத்து.

துவாஸ் பிரைம் மூவர்

பட்டை விஷயத்தில் பாசிர் பாஞ்சாங் அண்ணன் சொல்வதுதான் சரி. ரிவர்ஸ் பற்றியும் சேர்க்கிறேன். நமக்கு ஸ்டியரிங் வலப்பக்கம், ஆகவே முடிந்தவரை வலப்பக்கம் வளைத்து ஏற்றுங்கள். டிரெய்லர் வலது கண்ணாடியிலேயே நிற்கும். இடப்பக்கம் வளைத்தால் கோணம் கூடக் கூட வலது கண்ணாடியில் டிரெய்லரே இருக்காது, இடது கண்ணாடி முழுக்கக் கண்டெய்னர் சுவர். பின்மூலை மறைந்த நொடியில் நிறுத்தி இறங்கிப் பாருங்கள், அல்லது ஆளை நிறுத்துங்கள். மின்சாரக் கண்ணாடி இருந்தால் ரிவர்ஸுக்காக வெளியே திருப்பலாம், ஆனால் பழைய இடத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான் கேட்டைத் தாண்ட வேண்டும்.

இடது கதவுக்கு மேலே கீழ்நோக்கிப் பார்க்கும் சின்னக் கண்ணாடியை முன் சக்கரமும் கதவோரத் தரையும் தெரியும்படி வையுங்கள். கதவுக்குப் பக்கத்தில் ஒரு கோனை வைத்தால் சோதித்துவிடலாம். ஜாலான் பூரோ சாலையில் இடது திரும்பும்போது சைக்கிள் வந்து நிற்பது அங்கேதான். டிரெய்லரின் பின் சக்கரம் உள்ளே வெட்டிக்கொண்டு வருவதால் திருப்பம் முடியும் வரை இடது கண்ணாடிக்கு மறுபடி மறுபடி போக வேண்டும்.