ஓ.டி.எச். டிஸ்சார்ஜ் ஆனவருக்கு அரசு வேலைச் சலுகை: நியூயார்க் செய்தது சரியா?

ஹட்சன்கரை
வேறொரு இழையில் "ராணுவத்திலிருந்து துரத்தப்பட்டவனுக்கெல்லாம் நியூயார்க்கில் மார்க் போட்டு வேலை தருகிறார்கள்" என்று ஒருவர் எழுதியிருந்தார். அங்கே அடிதடி ஆகிவிட்டதால் இங்கே தனியாகப் பேசலாம்.

அவர் சொன்னது 2019 நவம்பரில் கையெழுத்தாகி, ஒரு வருடம் கழித்து அமலுக்கு வந்த 'ரெஸ்டோரேஷன் ஆஃப் ஆனர்' சட்டம். முன்னாள் வீரர்களுக்கு மாநில அரசு வேலைத் தேர்வில் கிடைக்கும் கூடுதல் 5 மார்க் போன்ற மாநிலச் சலுகைகளை அது இன்னும் சிலருக்கும் திறந்துவிட்டது. டிஸ்சார்ஜ் (படையிலிருந்து விடுவிப்பு) வகைகளில் பேட் கண்டக்ட், டிஸ்ஆனரபிள் இரண்டும் ராணுவ நீதிமன்றத் தண்டனையாக வருபவை. அவற்றை வாங்கியவர்களுக்கு இந்தச் சட்டத்தில் இடமே இல்லை. பலன் பெறுவோர் பெரும்பாலும் 'அதர் தேன் ஆனரபிள்', அதாவது ஓ.டி.எச். வாங்கியவர்கள். அது தீர்ப்பு இல்லாமல் நிர்வாக உத்தரவில் வருவது. அவர்களிலும் எல்லோருக்கும் கிடையாது. பி.டி.எஸ்.டி. (அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநலக் கோளாறு), மூளைக்காயம், படையில் நேர்ந்த பாலியல் வன்முறை ஆகியவற்றில் ஒன்று இருக்க வேண்டும், அல்லது பாலியல் அடையாளத்துக்காக வெளியேற்றப்பட்டிருக்க வேண்டும். இதில் எங்கே தப்பு?

மதிப்பெண்மாரி
தப்பு இருக்கிறது, சொல்கிறேன்.

"தீர்ப்பு இல்லாமல்" என்பது பாதி உண்மை. ஓ.டி.எச். வாங்கியவர்களில் கணிசமானவர்கள் "ராணுவ நீதிமன்ற விசாரணை வேண்டாம், அனுப்பிவிடுங்கள்" என்று தாங்களே எழுதிக் கொடுத்து வந்தவர்கள். தரைப்படையில் அதற்குச் 'சாப்டர் 10' என்றே பெயர். வழக்கைத் தவிர்த்துக்கொண்டு, பிறகு "என்னை யாரும் விசாரிக்கவில்லை" என்றால் எப்படி?

அதைவிடப் பெரிய ஓட்டை சட்டத்தின் வாசகத்தில். நோய் இருக்கிறது என்று ஒரு மருத்துவர் எழுதினால் போதும். வெளியேற்றத்துக்குக் காரணமான செயல் அந்த நோயால் வந்ததா என்று வரையறை கேட்கவே இல்லை.

5 மார்க்தானே என்று நினைக்காதீர்கள். மாநிலத் தேர்வுகள் பலவற்றில் இறுதி மதிப்பெண் 70, 75, 80 என்று ஐந்தைந்தாகத்தான் வரும். 5 கூடினால் ஒரு படியே மேலே. 'மூவரில் ஒருவர்' விதிப்படி பட்டியலின் தலையில் இருப்பவர்களிலிருந்து எடுக்கும்போது, 90 வாங்கிய சாதாரண ஆளை அழைக்காமலே போகலாம். தகராறு இல்லாமல் நான்கு வருடம் முடித்துவந்த வீரருக்கும் அதே 5தான்.

நான்காம்நகல்
இரண்டு பேரும் சட்டம் பேசுகிறீர்கள். விண்ணப்பம் சிக்கிக்கொள்வது மேசையில்.

டிடி-214, அதாவது படையிலிருந்து விலகும்போது தரும் சான்றிதழ், பல நகல்களாக வரும். 'மெம்பர்-1' நகலில் 24-ஆம் கட்டமே இருக்காது. டிஸ்சார்ஜின் தன்மை அதில்தான் எழுதியிருக்கும். 26-இல் பிரிவுக் குறியீடு, 28-இல் காரணம். இவை எல்லாம் வேண்டுமென்றால் 'மெம்பர்-4' நகல். மெம்பர்-1-ஐ இணைத்து அனுப்பினால் திரும்பி வரும். தொலைந்திருந்தால் எஸ்.எஃப்.-180 படிவத்தில் செயின்ட் லூயிஸ் ஆவணக் காப்பகத்துக்கு எழுத வேண்டும். 1960-க்கு முன் விலகிய தரைப்படையினர் என்றால் 1973 தீ விபத்தில் கோப்பு எரிந்திருக்க வாய்ப்பு அதிகம்.

பலர் தவறாகப் புரிந்துகொள்ளும் இன்னொன்று: மாநிலம் கொடுப்பது தன் சலுகைகளுக்கான தகுதிக் கடிதம் மட்டும். டிடி-214-இல் ஓர் எழுத்தும் மாறாது. மத்திய அரசு வேலைக்கு அந்தக் கடிதம் செல்லாது. அங்கே முன்னுரிமைக்கு ஆனரபிள் அல்லது அதற்கு அடுத்த படியான ஜெனரல் டிஸ்சார்ஜ் வேண்டும். ஓய்வூதியத்துக்காக ராணுவ ஆண்டுகளைப் பணம் கட்டிச் சேர்ப்பதும் அப்படியே: மாநிலத் திட்டத்தில் 3 ஆண்டு வரை சேர்க்க இந்தக் கடிதம் உதவும், மத்தியத் திட்டத்தில் உதவாது.

ஹட்சன்கரை
மாரி, நோய்க்கும் செயலுக்கும் தொடர்பு கேட்கவில்லை என்பது வாசகப்படி சரிதான். ஆனால் கேட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். பி.டி.எஸ்.டி. என்ற பெயர் அமெரிக்க மனநலக் கையேட்டில் ஏறியதே 1980-இல். 1969-இல் வியட்நாமிலிருந்து திரும்பி, சொல்லாமல் முகாமை விட்டுப் போய் ஓ.டி.எச்.-க்கு நிகரான தாளோடு வெளியே வந்தவரின் கோப்பில் அந்த நோய் எப்படி இருக்கும்? அந்தக் காலத்து மருத்துவர் எழுதியதெல்லாம் "ஆளுமைக் கோளாறு", "குடிப்பழக்கம்". ஆதாரம் உருவாக வழியே இல்லாத காலத்துக்கு ஆதாரம் கேட்பது கதவைச் சாத்துவதற்குச் சமம்.

மதிப்பெண்மாரி
வியட்நாம் ஆட்கள் விஷயத்தில் ஒப்புக்கொள்கிறேன். ஓரினச் சேர்க்கையாளர் என்று தெரிந்தால் வெளியேற்றிய 'கேட்காதே, சொல்லாதே' காலத்து வெளியேற்றங்களிலும் எனக்கு மறுப்பில்லை. அங்கே தவறு அரசுடையது.

ஆனால் அதற்குத்தான் டிஸ்சார்ஜையே திருத்தும் போர்டுகள் இருக்கின்றனவே. பாதுகாப்புச் செயலர் ஹேகலின் 2014 குறிப்பாணைக்குப் பிறகு பி.டி.எஸ்.டி. வழக்குகளைத் தாராளமாகப் பார்க்கச் சொல்லியாயிற்று. அதே துறையின் 2017 கர்ட்டா குறிப்பாணை நான்கே கேள்வி கேட்கிறது: அப்படிப்பட்ட நோய் அல்லது அனுபவம் இருந்ததா, பணிக்காலத்தில் இருந்ததா, அது செயலின் கடுமையைக் குறைக்கிறதா, டிஸ்சார்ஜின் காரணத்தைவிட எடை கூடியதா. நல்ல கேள்விகள். நியூயார்க் கடைசி இரண்டையும் விட்டுவிட்டது. முன்வாசல் திறந்திருக்கும்போது கொல்லைப்புறம் எதற்கு?

நான்காம்நகல்
முன்வாசல் திறந்திருக்கிறது, ஆனால் படி உயரம். வெளியேறி 15 ஆண்டுக்குள் என்றால் டிடி-293 படிவம், ரிவ்யூ போர்டுக்கு. தாண்டிவிட்டால் டிடி-149, திருத்தப் போர்டுக்கு. 15 ஆண்டுக்குள் இருப்பவர் 149 போட்டால் "முதலில் அங்கே போ" என்று திருப்பிவிடுவார்கள், மாதங்கள் வீண். ரிவ்யூ போர்டில் முதலில் கோப்பு மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். மறுத்தால் நேர் விசாரணை கேட்கலாம். நேர் விசாரணையை முதலில் கேட்டுவிட்டால் கோப்புப் பரிசீலனை வாய்ப்பு போய்விடும்.

தோற்கும் விண்ணப்பங்களில் அடிக்கடி காண்பது மருத்துவரின் ஒருவரிக் கடிதம்: "இவருக்குப் பி.டி.எஸ்.டி. உள்ளது." எப்போது தொடங்கியது, எந்தச் சம்பவம், பணிக்கு வராமல் போனதற்கும் அதற்கும் என்ன தொடர்பு, ஒன்றும் இருக்காது. மாரி சொன்ன நான்கு கேள்விக்கும் நான்கு பத்தியில் பதில் எழுதிக் கேளுங்கள்.

ஹட்சன்கரை
அந்த மாதங்களில் வாடகை யார் கட்டுவார்கள்? மாநிலம் தன் தேர்வில் 5 மார்க் தருவது அந்த இடைவெளிக்குத்தான்.

மதிப்பெண்மாரி
அப்படியானால் தற்காலிகம் என்று எழுதியிருக்கலாம். போர்டு மறுத்தாலும் மாநிலச் சலுகை அப்படியே நிற்கிறதே.

சரி, ஒன்று கேட்கிறேன். ஊனமுற்ற வீரருக்கு 10 மார்க். ஓ.டி.எச். ஆளுக்கு அது கிடைக்குமா?

நான்காம்நகல்
சட்டம் பாதி வழியில் நிற்பது இங்கேதான். 10 மார்க்குக்கு மத்திய அரசின் முன்னாள் படைவீரர் துறையான வி.ஏ. குறைந்தது 10 சதவீத ஊனம் என்று சான்று தர வேண்டும். அதற்கு முன் வி.ஏ. தன் பங்குக்கு டிஸ்சார்ஜின் தன்மையை ஆராயும். மாநிலக் கடிதம் அந்த ஆராய்ச்சியைக் கட்டுப்படுத்தாது. அதனால் பி.டி.எஸ்.டி.-யைக் காட்டி 5 வாங்கியவருக்கு, அதே பி.டி.எஸ்.டி.-க்கான 10 கிடைக்காமல் போகலாம்.

ஆனால் "ஓ.டி.எச். என்றால் வி.ஏ. கிடையாது" என்று கவுண்டரில் சொல்வதை நம்பாதீர்கள். இழப்பீட்டு விண்ணப்பம் 21-526 இ.இசட். போட்டாலே வி.ஏ. அந்த ஆராய்ச்சியைத் தொடங்கியாக வேண்டும். 2024-இல் விதியும் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது.

5 மார்க்கை ஒருமுறை பயன்படுத்தி வேலை வாங்கினால் அது தீர்ந்தது. முன்பு பலர் இதற்குப் பயந்தே சலுகையை எடுக்காமல் வைத்திருந்தார்கள். 2013 அரசியலமைப்புத் திருத்தத்துக்குப் பிறகு, பின்னால் ஊனச் சான்று கிடைத்தால் மீதி 5-ஐ இன்னொரு தேர்வில் சேர்க்கலாம். பதவி உயர்வுத் தேர்வு என்றால் எல்லாம் பாதி: 5-க்கு இரண்டரை, 10-க்கு 5. ஆக, 5-ஐ இப்போதே எடுங்கள், அதே வாரத்தில் வி.ஏ. விண்ணப்பத்தையும் போடுங்கள்.

மதிப்பெண்மாரி
5 மார்க் தருவதற்கு என் எதிர்ப்பு அப்படியே இருக்கிறது. வி.ஏ. விண்ணப்பத்தைப் பற்றிச் சொன்னதை மட்டும் தனி இழையாக மேலே ஒட்டி வையுங்கள்.